சாடிக்குள் அப்பிள்: மூன்று வருடக் கணக்கு

2025 வைகாசி நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்தின் கோண்டாவிலில் உள்ள எங்கள் வளவில் இரண்டு சாடிகளிலிருந்து ஒன்பது அப்பிள் பழங்களைப் பறித்தோம். ஒன்பதும் சேர்ந்து தராசில் 810 கிராம் நின்றன. மிகப் பெரியது 115 கிராம். மிகச் சிறியது ஒரு நல்ல தேசிக்காயைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மூன்று வருடங்களில் சாடிக்கும் மண்ணுக்கும் பசளைக்கும் செலவழித்த காசுக்கு ஒரு பெட்டி அப்பிளே வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கன்று நட்ட நாளிலிருந்து கொப்பியில் எழுதி வந்த குறிப்புகளைத் தொகுத்து எழுதினால், இதே ஆசையுடன் இருக்கும் வேறு யாருக்காவது இரண்டு வருடமாவது மிச்சமாகும் என்று தோன்றியது.

எங்கள் வளவு இரண்டு பரப்பு. வீடு, கிணறு, இரண்டு தென்னை, ஒரு கறுத்தக்கொழும்பான் மா ஆகியவை போக, வெயில் விழும் இடம் என்று கிணற்றடிக்கும் கிழக்கு மதிலுக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய துண்டுதான் மிஞ்சுகிறது. கனடாவில் இருக்கும் தங்கை, தன் வீட்டின் பின்பக்கத்தில் மார்பளவு உயரத்தில் நிற்கும் அப்பிள் மரத்தைக் கைபேசியில் காட்டிய நாளில்தான் அந்தத் துண்டுக்கு இப்படியொரு உபயோகம் இருக்கலாம் என்ற எண்ணம் வந்தது.

அந்த மரம் குட்டையாக நிற்பதற்குக் காரணம் அதன் மேற்பகுதி அல்ல, ஒட்டுக்குக் கீழே வேரோடு உள்ள அடிக்கட்டை என்பதை அதன் பிறகுதான் வாசித்து அறிந்தேன். ஒரே இனத்தின் கிளையை எந்த அடிக்கட்டையில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மரம் ஐந்தடியிலும் நிற்கலாம், இருபது அடிக்கும் போகலாம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 1913 இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மோலிங் ஆய்வு நிலையம், ஐரோப்பாவில் பெயர் குழம்பிக் கிடந்த குட்டை அடிக்கட்டைகளைத் தரம் பிரித்து இலக்கமிட்டது. எம் 9 என்ற புகழ்பெற்ற கட்டை அப்படிப் பெயர் பெற்றதுதான். எம் 9 இல் மரம் ஆறு முதல் பத்து அடி. எம் 27 இல் அதைவிடச் சிறிது. எம்எம் 106 இல் பத்தடிக்கு மேல். எம் 9 இன் வேர் பலவீனமானது என்பதால் மரத்துக்கு வாழ்நாள் முழுவதும் முட்டுக்கம்பு வேண்டும். சாடியில் வளர்ப்பவருக்கு இன்னொரு விடயம்: சாடியே வேரை அடக்கி மரத்தைக் குறுக்கிவிடுவதால், ஏற்கனவே மிகக் குட்டையான கட்டையைத் தேடத் தேவையில்லை, சற்று வீரியமானதே வெயிலைத் தாங்கும்.

இவ்வளவும் அறிந்துகொண்டு போனபோது விற்பனையாளரிடம் அடிக்கட்டையின் பெயர் இருக்கவில்லை. "எல்லாம் குட்டை இனந்தான்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. 2022 மாசியில் மூன்று கன்றுகள் வாங்கினேன்: இரண்டில் அன்னா என்றும் ஒன்றில் டோர்செட் கோல்டன் என்றும் சீட்டுக் கட்டியிருந்தது. அன்னா என்பது இஸ்ரேலின் ஐன் ஷெமர் கூட்டுப்பண்ணையில் உருவாக்கப்பட்ட இனம்; டோர்செட் கோல்டன் பஹாமாசின் நசாவில் கண்டெடுக்கப்பட்டது. இரண்டுமே குறைந்த குளிரில் காய்ப்பவை என்பதற்காகத்தான் அவற்றைத் தேர்ந்தேன். அன்னாவில் ஒன்று மூன்றாம் மாதத்தில் ஒட்டுக்கு மேலே கருகிவிட்டது. விற்றவர் பணமும் தரவில்லை, மாற்றுக் கன்றும் தரவில்லை. ஒட்டுக்குக் கீழே இரண்டு முளைகள் வந்ததால் அந்தச் சாடியை மட்டும் எறிய மனம் வராமல் மதிலோரம் ஒதுக்கி வைத்தேன்.

சாடிகள் 60 லீற்றர் கொள்ளும் நீலப் பிளாஸ்ரிக் பரலைக் குறுக்கே அறுத்து, அடியில் துளையிட்டுச் செய்தவை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு என்று கலந்தேன். தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இளவேரைச் சுடும். மூன்று தடவை நீர் மாற்றி ஊறவைத்தேன். வெயிலில் பரலின் மேற்குப் பக்கம் தொட முடியாத அளவு சூடாவதைக் கண்டு சாக்கைச் சுற்றிக் கட்டினேன். தண்டின் வெயில் படும் பக்கத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசினேன். அது குளிர்நாட்டுத் தோட்டங்களிலும் வழக்கமாம். எங்கள் வீடுகளில் மாமரத்துக்குப் பூசுவதை அழகுக்கென்றே இதுவரை நினைத்திருந்தேன்.

முதல் வருடத்தின் பெரிய தொல்லை தண்ணீரால் வந்தது. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் நிற்பவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் அனைவரும் அறிந்ததே. அந்த நீரையே நாள்தோறும் ஊற்றியதில் மூன்றாம் மாதம் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. காரத்தன்மை கூடியதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. வாளித் தண்ணீரில் இரண்டு தேசிக்காய் பிழிந்து ஊற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். மீன்தொட்டிக்கு வாங்கும் அமில-காரச் சோதனைத் தாளை வைத்துப் பார்த்தேன்: பிழிந்தவுடன் நிறம் மாறியது, மறுநாள் வாளியில் மிஞ்சிய நீரில் தாள் பாதிக்கு மேல் பழைய நிறத்தையே காட்டியது. தேசிக்காய் வீணானதுதான் மிச்சம். பயன் தந்தவை இரண்டு. ஒன்று, கூரைத் தண்ணீரைப் பீலி வழியாக 500 லீற்றர் தாங்கியில் பிடித்து, சாடிகளுக்கு அதையே கொடுத்தது. கார்த்திகை மழையில் நிரம்பும் தாங்கி சிக்கனமாகப் பாவித்தால் பங்குனி வரை வரும். மற்றது, காரமண்ணிலும் கரைந்து நிற்கும் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புப் பசளை. மலிவான ஈடிடிஏ (EDTA) வகை எங்கள் மண்ணில் நிலைக்காது. முதலில் அதை வாங்கி ஏமாந்தேன்.

2023 ஆடி வரை இலை இருந்தது, பூ இல்லை. கிளைகளின் நுனி ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்தி, முரட்டு இலைகளின் கொத்தாக நின்றுவிட்டது. அப்பிள் மொட்டு உறங்கி எழும்ப 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் பல நூறு மணிநேரம் வேண்டும். குளிர்நாட்டு இனங்களுக்கு ஆயிரம் மணிநேரமும் தேவைப்படும். அன்னாவுக்கு இருநூறு, முந்நூறு போதும் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் தை மாத விடியற்காலையில் கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. முந்நூறு மணிநேரத்துக்கு எங்கே போவது? ஒரு மணிநேரமும் கிடைக்காது.

அடுத்த வளவில் நாற்பது வருடமாக முந்திரிகை வைத்திருக்கும் ஐயா ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது எத்தினை மாதமாய் உப்பிடியே நிக்குது?"

"ஒரு வருசத்துக்கு மேலை, ஐயா. குளிர் காணாதாம்."

"என்ரை முந்திரிகையும் குளிர்நாட்டுக் கொடிதானே. நான் குளிருக்கோ பார்த்துக்கொண்டு இருக்கிறன்? வெட்டி, இலையை உருவிவிட்டால் தானாய்ப் பூக்கும்."

அவர் பந்தலில் இருப்பதும் இஸ்ரேல் புளூ என்ற முந்திரிகை இனம்; என் சாடியில் நிற்பதும் அதே நாட்டு அப்பிள். அந்த ஒற்றுமையை அவரிடம் சொன்னேன், அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை வைத்துத் தேடியபோது, இந்தோனேசியாவின் கிழக்கு யாவாவில் மாலாங் நகரை அடுத்த ‘பத்து’ (Batu) என்ற மலையூரில் அப்பிளை இப்படித்தான் காய்க்க வைக்கிறார்கள் என்று தெரிந்தது. அறுவடை முடிந்து ஒரு மாதமளவில் மரத்தின் இலைகள் முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். வருடத்தில் இரண்டு போகம் எடுக்கிறார்கள். நுட்பம் இதுதான்: மொட்டை முதலில் அடக்கி வைப்பது இலை. அந்த அடக்கம் மொட்டின் உள்ளேயே ஆழ்ந்த உறக்கமாக மாறிய பிறகுதான் குளிர் தேவைப்படுகிறது. நுனி வளர்ச்சி நின்று, மொட்டு பருத்து, ஆனால் இன்னும் உறங்கிவிடாத இடைவெளியில் இலையை எடுத்துவிட்டால் மொட்டு குளிர் காணாமலே விரிந்துவிடும். குளிரை ஈடுசெய்வது என்று இதைச் சொல்வது தவறு. குளிர் தேவைப்படும் நிலைக்கே மரத்தைப் போகவிடாமல் மறிப்பது என்பதே சரி. அந்த மலையூர் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் அளவில் உள்ளது என்பதையும், எங்கள் வளவு பத்து மீற்றரும் இல்லை என்பதையும் அப்போது நான் போதிய அளவு யோசிக்கவில்லை.

2023 ஐப்பசியில் முதல் தடவை உருவினேன். அது பிழையான மாதம். துளிர் வந்தபோதே வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டன. இலை வந்தது, வந்த ஐந்து பூவும் நனைந்து கறுத்து உதிர்ந்தன.

2024 மாசிக் கடைசியில் இரண்டாம் தடவை. இம்முறை கிளைகளைச் சணல் கயிற்றால் கட்டி, செங்கல் தொங்கவிட்டு, ஏறத்தாழக் கிடையாகச் சாய்த்தேன். நேராக நிற்கும் கிளை இலையையும், சாய்ந்த கிளை பூவையும் தரும் என்பது அப்பிளின் பொது இயல்பு. உருவுவதற்கு முன் இரு கிழமை நீரைக் குறைத்து, உருவிய அன்றே எருக் கரைசலுடன் தாராளமாக நீர் விட்டேன். இருபத்திரண்டாம் நாள் அன்னாவில் பூ விரிந்தது. விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடிய அந்த வெள்ளைப் பூக்களைப் பார்க்க ஒழுங்கையில் போனவர்களெல்லாம் நின்றார்கள். பதினேழு பூவில் ஆறு பிஞ்சு. வைகாசியில் சோளகம் அடிக்கத் தொடங்கியதும் அந்த வறண்ட காற்றில் நான்கு உதிர்ந்தன. எஞ்சிய இரண்டில் ஒன்று மேற்குப் பக்கம் வெயிலில் வெந்து பழுப்பாகியது. மற்றதை அணில் கொண்டுபோனது. அந்த வருடத்தின் அறுவடை அவ்வளவே.

நவம்பர் பெருமழையில் முற்றத்தில் முழங்கால் வரை வெள்ளம் நின்றது. சாடிகளைச் சீமெந்துக் கற்களின் மேல் ஏற்றி வைத்திருந்தும் டோர்செட் கோல்டனின் அடியில் இரண்டு நாள் நீர் தேங்கி, பாதி இலை மஞ்சளாகிக் கொட்டியது. நீர் வடிந்த பிறகு துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தபோதுதான், வேர் துளைக்குள் புகுந்து அடைத்திருந்ததைக் கண்டேன். மரத்தை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் வெளிப்புறத்தை இரண்டு அங்குலம் சீவி, புதுக் கலவையில் மீண்டும் வைத்தேன்.

2025 தை 5 ஆம் திகதி அன்னாவையும், 10 ஆம் திகதி டோர்செட்டையும் உருவினேன். முந்தைய முறை டோர்செட் ஐந்து நாள் முந்திப் பூத்து, ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் பயன்படாமல் போனதால்தான் இந்த இடைவெளி. அன்னா தனியாகவும் ஓரளவு காய்க்கும். துணை இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். பிள்ளையின் வர்ணத் தூரிகையால் காலை ஒன்பது மணியளவில் ஒரு மரத்தின் பூவிலிருந்து மற்றதற்குத் தடவினேன். எங்களுக்குத் தையே சரியான மாதம் என்பது என் முடிவு: மழை ஓய்ந்திருக்கும், இரவு உள்ளதில் குளிர்ந்திருக்கும், தாங்கி நிறைய மழைநீர் இருக்கும், சோளகம் பலப்பதற்குள் காய் முற்றிவிடும்.

இருபத்தாறு பிஞ்சு பிடித்தது. கொத்துக்கு ஒன்று மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடும்போது கை கூசியது உண்மை. பன்னிரண்டு விட்டேன், மாங்காய்க்குச் செய்வது போலக் கடதாசிப் பை கட்டினேன், மூன்று உதிர்ந்தன. நிறத்தை வைத்து முற்றியதை அறிய முடியாது, ஏனென்றால் அப்பிள் சிவக்க இரவுக்குளிர் வேண்டும். எங்கள் பழம் மஞ்சள் கலந்த பச்சையில், வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் இலேசான செம்மையுடன் நின்றது. ஆகவே உதிர்ந்ததில் கடைசி ஒன்றை வெட்டி மருந்துக்கடை அயடீனைத் தடவினேன். மாப்பொருள் உள்ள இடம் கறுக்கும். நடுப்பகுதி வெளிறி ஓரம் மட்டும் கறுத்திருந்ததால் ஒரு கிழமை பொறுத்துப் பறித்தோம். பூத்ததிலிருந்து 104 நாள். புளிப்புக் குறைந்த, சாறுள்ள பழம். மொறுமொறுப்பு மூன்று நாளில் போய்விடுகிறது, ஆகவே வைத்துச் சாப்பிட ஏற்றதல்ல. மூன்றை ஐயாவுக்குக் கொடுத்தேன். "சந்தையிலை விக்கிறதை விட மணம் கூட," என்றார். இனிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

யாவாக்காரர்களைப் போல ஆனியில் மறுபடி உருவலாமா என்று யோசித்தேன். சோளகத்தில் நாளுக்குப் பத்து லீற்றர் குடிக்கும் மரத்தை அந்த வெயிலில் மொட்டையாக்கத் துணியவில்லை. இந்த வருடம் ஒரு போகத்துடன் விட்டிருக்கிறேன்.

மதிலோரம் ஒதுக்கிய மூன்றாவது சாடியில், பெயர் தெரியாத அந்த அடிக்கட்டை இப்போது பெருவிரல் பருமனுக்கு வந்துவிட்டது. ஆவணி தொடக்கத்தில் அதை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, பிளந்து, அன்னாவின் பென்சில் அளவுக் கிளையை ஆப்பாகச் சீவிச் செருகி, பொலித்தீன் நாடாவால் சுற்றினேன். பட்டையோடு பட்டை ஒரு பக்கமாவது பொருந்த வேண்டும் என்று ஐயா பக்கத்தில் நின்று இரண்டு தடவை கழற்றிக் கட்ட வைத்தார். இன்று பத்தொன்பதாம் நாள். மேல்மொட்டு உறை கிழிந்து, அரை அங்குலம் பச்சை தெரிகிறது.