12,100 கோடி பக்கமும் முதல் பத்து வரியும்

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் புதிதாக வந்த ஒரு தேடுபொறியைத் திறந்து காட்டி, "அண்ணே, இது கூகுளையே தூக்கிச் சாப்பிட்டுடும்" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "இதுக்குச் சொந்தமா இண்டெக்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. இணையப் பக்கங்களைச் சேர்த்து, தேடினால் கிடைக்கும்படி அடுக்கி வைத்திருக்கும் பட்டியல்தான் இண்டெக்ஸ். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இதைச் சொல்ல கூல் என்ற தேடுபொறியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் சி, யு, ஐ, எல் என்று எழுதி 'கூல்' என்று படிக்க வேண்டும், ஐரிஷ் மொழியில் அறிவைக் குறிக்கும் சொல் என்று அந்த நிறுவனத்தார் சொன்னார்கள். 2008 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவில் தொடங்கினார்கள். நடத்தியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அன்னா பேட்டர்சன் அதற்கு முன் கூகுளிலேயே தேடல் இண்டெக்ஸ் வேலை பார்த்தவர், அவருடைய கணவர் டாம் காஸ்டெல்லோ தலைமைப் பொறுப்பில், இன்னொருவர் ரஸ்ஸல் பவர், அவரும் கூகுளில் இருந்தவர், கூடவே ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயி மோனியேவும் இருந்தார். கையில் 3 கோடியே 30 லட்சம் டாலர் முதலீடு. இவர்கள் எதைச் செய்தாலும் கூகுள் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களிடம் 12,100 கோடி பக்கங்கள் இருக்கின்றன, மற்ற எந்தத் தேடுபொறியைவிடவும் மூன்று மடங்கு அதிகம் என்று அறிவித்தார்கள். கூல் வருவதற்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 25 அன்று, கூகுள் தன் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் 1 லட்சம் கோடி தனித்தனி இணைய முகவரிகளைப் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தது. 1998-ல் கூகுளின் முதல் இண்டெக்ஸில் இருந்தது 2 கோடியே 60 லட்சம் பக்கம்தான் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. முகவரியைப் பார்ப்பது வேறு, அதைச் சேர்த்து வைத்துத் தேடலுக்குக் கொடுப்பது வேறு. ஆனாலும் அந்த வாரம் முழுக்கப் பேச்சு யாரிடம் எத்தனை பக்கம் என்பதாகவே போனது.

தேடுகிறவனுக்கு அது தேவையே இல்லை. நான் ஒரு சொல்லை அடித்தால் மேலே வருகிற பத்து வரிகளில் எனக்கு வேண்டியது இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் ஆயிரம் கோடி பக்கம் கிடக்கிறதா, ஒரு கோடி கிடக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழில் தேடுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மரம், மரத்தில், மரங்களுக்கு, மரத்திலிருந்து எல்லாம் ஒரே சொல்லின் உருவங்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாவிட்டால், எத்தனை பக்கம் சேர்த்து வைத்திருந்தாலும் எழுத்துக்கு எழுத்து பொருந்துவது மட்டும்தான் வந்து நிற்கும்.

கூகுள் எழுந்ததே வரிசைப்படுத்தும் வேலையில்தான். எந்தப் பக்கத்துக்கு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவை எவ்வளவு முக்கியமானவை என்று கணக்குப் போடும் பேஜ்ரேங்க் முறை. இது பிரபலத்தைத்தான் அளக்கிறது, நாங்கள் பக்கத்தின் உள்ளடக்கத்தையே ஆராய்கிறோம் என்றது கூல். நியாயமான யோசனை, இன்றைக்கும் எனக்குப் பிடித்த யோசனை. முடிவுகளைக் கீழே கீழே அடுக்காமல் பத்திரிகைப் பக்கம் மாதிரிப் பத்தி பிரித்து, நீளமான விவரத்தோடு, பக்கத்தில் படமும் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் முதல் நாளே கூட்டம் தாங்காமல் தளம் தடுமாறியது. முடிவுகள் பொருந்தவில்லை, ஒருவரைப் பற்றிய விவரத்துக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாத வேறு யாருடைய படமோ வருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவு பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு வந்ததால் மன்னிக்க யாரும் தயாராக இல்லை. ஒரு மாதத்துக்குள் மோனியே விலகினார். 2010 ஏப்ரலில் சிபீடியா என்று, இணையத்தில் கிடைப்பதை இயந்திரமே தொகுத்துக் கட்டுரையாக்கிக் கொடுக்கும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதுவும் எடுபடவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கூல் மூடப்பட்டது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் இதில் இல்லை, வேறொன்றில். நீங்கள் என்ன தேடினீர்கள், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்புக்கு இருக்கும் எண்) தேடினீர்கள் என்பதை நாங்கள் சேமிப்பதில்லை என்று கூல் முதல் நாளே சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 2006 ஆகஸ்டில், ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை ஆய்வுக்கென்று வெளியிட, பெயருக்குப் பதில் எண் மட்டுமே இருந்தும், அதை வைத்தே ஒரு பெண்மணியைப் பத்திரிகைக்காரர்கள் வீடு தேடிப் போய்க் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவர் எதைத் தேடுகிறார் என்பது அவர் மனசுக்குள் இருப்பது. நோயைத் தேடுகிறோம், கடனைத் தேடுகிறோம், வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்தப் பெட்டியில் அடிக்கிறோம். அதைச் சேமிக்க மாட்டோம் என்று ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறது, பக்கக் கணக்கின் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

அதே 2008-ல்தான், செப்டம்பரில், கேப்ரியேல் வைன்பெர்க் என்பவர் பென்சில்வேனியாவில் தனி ஆளாக டக்டக்கோ என்ற தேடுபொறியைத் தொடங்கினார். ஆரவாரம் இல்லை, எத்தனை பக்கம் என்ற பேச்சு இல்லை. உங்களைப் பின்தொடர மாட்டோம் என்பதையே பிற்பாடு தன் அடையாளமாக்கிக்கொண்டு மெல்ல வளர்ந்து, 2021 ஜனவரியில் ஒரே நாளில் 10 கோடித் தேடல்களைத் தொட்டது. நான் தினமும் பயன்படுத்துவது அதைத்தான்.

ஆனால் டக்டக்கோவின் வழக்கமான இணைய முடிவுகளில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருகிறது. கூல் செய்யத் துணிந்தது அதுவல்ல, இணையம் முழுக்கத் தானே சுற்றித் தானே சேர்த்தது. அதன் கிராலர், அதாவது பக்கம் பக்கமாகப் போய்ச் சேகரிக்கும் நிரல், எங்கள் தளத்தைப் போட்டுத் தாக்குகிறது என்று தளம் நடத்தியவர்கள் புலம்பினார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அடுத்தவர் இண்டெக்ஸை வாங்கி நடத்துகிறவரின் கதவு அடுத்தவர் கையில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று மைக்ரோசாஃப்ட் தன் பிங் முடிவுகளை மற்றவர்களின் நிரல்களுக்குக் கொடுத்துவந்த பிங் தேடல் ஏபிஐ சேவையை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த சிறியவர்கள் வேறு வழி தேட வேண்டி வந்தது. பெரிய ஒப்பந்தம் இருந்ததால் டக்டக்கோ தப்பித்தது. சொந்தமாகச் சேர்க்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், பிரிட்டனில் மோஜீக், அப்புறம் பிரேவ். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், தகுதியுள்ள போட்டியாளர்களுக்கு இண்டெக்ஸ் தரவில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். 3 கோடி டாலரும் கூகுளிலேயே பழகிய கைகளும் இருந்தும் கூலால் கடக்க முடியாத சுவர் அது, அதில் ஒரு கதவு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி காட்டிய தேடுபொறியின் 'எங்களைப் பற்றி' பக்கத்தை அன்று மாலை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். முடிவுகளை வேறொருவரிடமிருந்து வாங்குவதாகக் கடைசிப் பத்தியில் இருந்தது. "சரி அண்ணே, தேடலைச் சேமிக்கிறாங்களான்னு பார்ப்போம்" என்று தம்பியே தனியுரிமைப் பக்கத்தைத் திறந்தார்.