சூடும் பிரஷரும்: ஒரு பழைய ஜீப்பின் கொல்லிமலைக் குறிப்புகள்

ஏப்ரல் 9

மலைமேல் சோளக்காட்டில் ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை ஐட்லிங்கில் (சும்மா ஓடும்படி) விட்டதும் ஆயில் பிரஷர் மீட்டர் முள் சட்டென்று கீழே சரிந்து 5-க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. காலையில் நாமக்கல்லில் கிளப்பும்போது 45 பி.எஸ்.ஐ (பிரஷரின் அலகு) காட்டியது இதே முள்தான்.

வண்டி மஹிந்திரா சிஜே-3பி. உள்ளே இருப்பது இன்னும் பழைய ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின்தான்: நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். லாரிக்காரர்களின் ஊரில் இதை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கெல்லாம் "ஏன் டீசல் எஞ்சின் மாத்தலை?" என்பதற்குப் பதில் சொல்வதே தனி வேலை.

மெக்கானிக் அண்ணனிடம் போனில் சொன்னேன். "பேரிங் போயிருக்கும், எஞ்சினை எறக்கிப் பாத்தரலாம் தம்பி" என்றார். இருக்கலாம், தேய்ந்த பேரிங்கில் பிரஷர் நிற்காது. ஆனால் ஆயில் சூடாகி இளகினாலும் பிரஷர் இறங்கும். எத்தனை டிகிரியில் அந்த 5 என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. சாப்பாடு முடிந்ததும் வண்டிக்கு அடியில்.

பிரஷரை மீட்டருக்குச் சொல்லும் எலக்ட்ரிக் சென்டரை (sender) கழற்றி, அந்த 1/8 இன்ச் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். செப்புக் குழாயை நேராக இழுத்துக் கட்டினால் அதிர்வில் விரிசல் விட்டுவிடும். இரண்டு சுற்று வளைத்துவிட்டால் தாங்கும். புது கேஜ் பழைய மீட்டரைவிட 4 பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டுகிறது. பாதி பயம் அங்கேயே போனது.

சூட்டுக்கு, மல்டிமீட்டரோடு வரும், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை ஆயில் ஊற்றும் குழாய் வழியாக சம்ப்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கினேன். இந்த எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் மூடியும் ஒன்றுதான் என்பதால் வழி சுலபம். கம்பி உள்ளே சுழலும் கிராங்க் பக்கம் போகாதபடி கட்டுவதுதான் கவனம்.

ஏப்ரல் 21

சேந்தமங்கலம் வரை சமவெளி, மணிக்கு 45 கி.மீ: ஆயில் 88 டிகிரி, 33 பி.எஸ்.ஐ. காரவள்ளியில் மலை ஆரம்பம். 70 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர். பாதி மலையில் 104. மேலே போய்ச் சேரும்போது 119, ஐட்லிங்கில் 9.

இத்தனைக்கும் தண்ணீர் மீட்டர் அசையவில்லை. ரேடியேட்டர் தண்ணீரைக் காப்பாற்றிவிடுகிறது. ஆயிலுக்கு இந்த வண்டியில் தனிக் கூலர் கிடையாது. சம்ப்பில் படும் காற்றுதான். நின்ற பிறகு தண்ணீர் சில நிமிடத்தில் இறங்கியது. ஆயில் ஒரு டீ, இரண்டு வடை முடிந்தும் 100-க்குக் கீழே வரவில்லை.

இரவு கணக்குப் போட்டேன். நான் ஊற்றியிருக்கும் 15டபிள்யூ-40 ஆயிலின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஏறக்குறைய 14 சென்டிஸ்டோக். 120-ல் ஒன்பதுக்குப் பக்கம். இன்னும் கெட்டியானதென்று எல்லோரும் சிபாரிசு செய்யும் 20டபிள்யூ-50 கூட 120 டிகிரியில் 11, 12-க்கு இறங்கிவிடும். அதாவது 120-ல் கொதிக்கும் கெட்டி ஆயிலைவிட 100-ல் இருக்கும் சாதா ஆயில் கெட்டி. முதலில் குறைக்க வேண்டியது சூட்டை.

ஏப்ரல் 28

அண்ணனின் அடுத்த யோசனை: ஆயில் பம்ப்பில், மிஞ்சிய பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு ஒரு ஷிம் (மெல்லிய வளையம்) வைத்தால் பிரஷர் ஏறும். ஏறும்தான், ஆனால் ரேஸ் கொடுக்கும்போது. அந்த வால்வு வேலை செய்வது பிரஷர் மிஞ்சும்போது. சூடான ஐட்லிங்கில் அது மூடியே கிடக்கிறது. மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன ஆகப்போகிறது? வால்வு சரியாக உட்காராமல் கசிந்தால் கதை வேறு. கழற்றிப் பார்த்தோம், சுத்தமாக உட்காருகிறது. அண்ணன் ஷிம்மைத் திரும்ப டப்பாவில் போட்டுக்கொண்டார், முகம் கொஞ்சம் சுண்டித்தான் இருந்தது.

மே 5

இரண்டு விஷயம் சிக்கியது.

ஒன்று, டிப்ஸ்டிக்கில் அளவு ஃபுல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் குறைவது வழக்கம். ஏறுவது கெட்ட சகுனம். முகர்ந்தால் பெட்ரோல் வாடை. பெட்ரோல் பம்ப்பைக் கழற்றினால் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) ஓரத்தில் கிழிசல். கிழிசல் வழியாகப் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் போகிறது, ஆயில் நீர்த்துப்போகிறது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தப் பழைய ரப்பரையெல்லாம் கெடுக்கிறது. எத்தனால் தாங்கும் டயஃப்ரமாகத் தேடி வாங்கினேன்.

இரண்டு, முந்தைய சொந்தக்காரர் கல் அடிபடாமலிருக்க அடியில் ஒரே தகடாக இரும்பை வெல்டிங் வைத்திருக்கிறார். சம்ப்புக்குக் காற்றே போகாது. போதாததற்குத் தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையில் கிரீஸும் மண்ணும் விரல் தடிமனுக்கு. பட்டறையில் தகட்டை இறக்கி, முன்னும் பின்னும் நீளவாக்கில் துளை வெட்டி, போல்ட்டில் மாட்டும்படி செய்தாயிற்று. புது ஆயில், அதே 15டபிள்யூ-40. கிரேடையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போகும்.

மே 12

அதே பாதை, அதே கியர், வெயிலும் கிட்டத்தட்ட அதே. மேலே 107 டிகிரி. ஐட்லிங்கில் 14, ஓட்டத்தில் 29. எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ என்ற பட்டறைக் கணக்கில் இது தேறும்.

அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன். "சரி ஓட்டுங்க தம்பி" என்று மட்டும் பதில்.

மே 26

தார் ரோட்டை விட்டு மண் தடத்தில் ஏறினோம். மூக்கு நன்றாக மேலே தூக்கிய ஓர் இடத்தில் முள் ஒரு நொடி பூஜ்யத்துக்குத் துடித்துத் திரும்பியது. இது சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆயில் பின்பக்கம் ஓடி, உறிஞ்சும் வாய்க்குக் காற்று கிடைத்திருக்கிறது. இந்த எஞ்சினில் அந்த வாயிலுள்ள வடிகட்டி ஆயில் மேல் மிதக்கும். அடிக்கசடை இழுக்காது என்பது அதன் நல்ல குணம். சரிவில் கொஞ்சம் அடம்பிடிக்கும். பார்த்தால் ஆயில் அரை லிட்டர் குறைவு. ஃபுல் கோடு வரை ஊற்றியதும் அதே ஏற்றத்தில் துடிப்பு இல்லை.

கோட்டுக்கு மேல் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கினால், பேரிங்குக்குப் போவது பாதி காற்று.

ஜூன் 16

மழை, குளிர்காற்று. கடைக்கும் வீட்டுக்குமாக ஓட்டியதில் ஆயில் 65 டிகிரியைத் தாண்டவே இல்லை. மூடிக்கு அடியில் வெள்ளையாகக் குழம்பு. ஆவியாகாத ஈரம்தான், ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்துவிட்டது என்று யாராவது பயமுறுத்துவதற்குள் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் விரட்டி 90-ல் வைத்திருந்தேன், போய்விட்டது.

கூலர் மாட்டலாமா என்று கேட்ட நண்பருக்கும் இதையே காட்டினேன். தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் இந்த மழையில் 65-ஐ 50 ஆக்கும். கோடையில் 107 எனக்குப் போதும். அந்தக் காசு மெயின் பேரிங் செட்டுக்கு. ஆடி மாதம் பட்டறை காலியாக இருக்குமாம், சம்ப்பை இறக்கி பேரிங் கிளியரன்ஸ் (இடைவெளி) அளக்க அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.