கழுவக்கூடாதென்று யாரும் சொல்லியிருக்கவில்லை

புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் காணியில் மலசலகூடக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். நெஞ்சளவு ஆழத்தில் மண்வெட்டி எலும்பில் தட்டியது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது எலும்புகள் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் வெட்டிய அண்ணை அப்படியே நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

நான் முல்லைத்தீவிலிருந்து வந்து சேர ஒரு மணித்தியாலம். அதற்குள் அம்மா குழிக்குள் இறங்கி, கீழ்த்தாடையை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, சுளகில் வெள்ளைச் சீலை விரித்து வைத்திருந்தா. முன்பல்லு ஒன்று கொஞ்சம் சரிந்திருந்தது. "கொண்ணன்ர பல்லடா" என்றா. அண்ணா 2009இல் காணாமல்போனவர். நானும் அந்தத் தாடையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

பிறகு நடந்தது வழமையானது: விதானை, பொலிஸ், நீதவானின் கட்டளை, சட்டவைத்திய அதிகாரி. காணியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். கோழிகளுக்கு மட்டும்தான் அது விளங்கவில்லை.

அதிகாரி சுளகைப் பார்த்ததும் அம்மாவைப் பேசவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். பழைய எலும்பில் மரபணு மிகக் கொஞ்சமாக, துண்டு துண்டாகத்தான் இருக்கும். தொட்டவரின் வியர்வையிலும் தோலிலும் இருப்பது புத்தம் புதியது. இரண்டும் கலந்தால் சோதனையில் புதியதுதான் முன்னுக்கு வரும். அதைவிட மோசமான விசயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இப்படிப் பழுதான எலும்பில் பெரும்பாலும் மைட்டோகொண்ட்ரியா மரபணுவைத்தான் தேடுவார்கள். கலத்தின் கருவில் உள்ள மரபணு இரண்டு பிரதிதான், கருவுக்கு வெளியே இருக்கும் இதுவோ ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அது தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே வருவது. அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் எனக்கும் அது ஒன்றுதான். ஆக, அந்தப் பல்லில் எங்களுடையது வந்தால் அது அண்ணாவா, கழுவிய கையா என்று பிரிக்க ஏலாது. பல்லின் உட்பகுதி தப்பியிருக்கலாம், ஆனால் தண்ணீர் வெடிப்புகளுக்குள் எதைக் கொண்டுபோனது என்று யார் கண்டது? தாடையைக் கடைசித் தெரிவாக ஒதுக்கி வைத்தார்கள்.

மண்ணுக்குள் இருந்ததைக் கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுத்தார்கள். பொலித்தீனில் போட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்குமாம், அதனால் கடதாசி உறை. தொடையெலும்பில் ஒரு துண்டு, மண்டையோட்டில் காதுக்கு உட்பக்கமாக உள்ள எலும்பு. உடம்பிலேயே இறுக்கமான எலும்பு அதுதானாம். எங்கள் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். வெட்டிய அண்ணையிடமும் எடுத்தார்கள். "நான் என்னத்துக்கு?" என்று அவர் பயந்துபோனார். தொட்டவரைக் கழித்துப் பார்க்கத்தான் என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

ஆய்வுகூடத்தில் நடப்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேற்பரப்பைச் சுரண்டி எறிந்து, மிச்சத்தைத் திரவ நைதரசனில் உறையவைத்து மாவாக அரைப்பார்கள். சூடு ஏறினால் இருப்பதும் போய்விடும். அந்த மாவை ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலில் ஊறவிட்டால் கல்சியம் கழன்று வரும், கல்சியத்தோடு ஒட்டிக் கிடந்த மரபணுவும் வெளியே வரும். எலும்பே இல்லாத வெறும் கரைசலையும் பக்கத்தில் வைத்து இதே வேலையைச் செய்வார்கள். அதிலும் ஏதாவது தெரிந்தால் எங்கோ கலப்பு என்று அர்த்தம்.

ஊரில் எல்லோரும் கேட்டது "எத்தனை வருசப் பழசாம்?" என்றுதான். அது காபன் சோதனை, வேறு. மன்னார் சதொச கடை வளாகத்துப் புதைகுழி எலும்புகளுக்குச் செய்து 1404ஆம் ஆண்டுக்கும் 1635ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டவை என்று சொன்னார்களே, அது. அதில் ஆள் யாரென்று வராது.

தொடையெலும்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. மாரியில் தண்ணீர் நிற்கும் பள்ளம், கோடையில் கொதிக்கும் மணல். எப்படி மிஞ்சும்? காதெலும்பில் கிடைத்தது. எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: தாய்வழி பொருந்தவில்லை. அண்ணா இல்லை.

அம்மா கனநேரம் பேசவில்லை. வரும்போது பஸ்ஸில்தான் கேட்டா.

"அப்ப அந்தப் பல்லையும் ஒருக்காச் சோதிக்கச் சொல்லன்."

"அதில சோதிச்சா உங்கடதுதான் அம்மா வரும்."

"வந்தா என்னடா?"