ராக்கெட் விட்டது யாரோ, அலைந்தது நான்

2024 தீபாவளி அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல், எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று எங்கள் மொட்டை மாடியில் இருந்த கீற்றுக் கொட்டகையில் செருகிக்கொண்டது. பட்டாசு வெடிக்க அரசு கொடுத்திருந்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் அதை யார் பார்க்கிறார்கள்? கால் மணி நேரத்தில் கொட்டகை போச்சு. கூடவே வாஷிங் மெஷின், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறைக் கதவு, ஜன்னல் கண்ணாடி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சூரன்ஸ் பணம் 82,500 ரூபாய் போன வாரம்தான் வந்தது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தெருவே குடமும் வாளியுமாக ஓடிவந்து தீயை அணைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன், "அதான் அணைஞ்சிடுச்சே, 101க்குப் போன் பண்ணி வண்டி வேணாம்னு சொல்லிடு தம்பி" என்றார். நானும் போனை எடுத்தேன். அதற்குள் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. நல்லவேளை. பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்டதே தீயணைப்புத் துறை அறிக்கையைத்தான். தீ அணைந்துவிட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் "யார் மேல புகார்?" என்று கேட்டார்கள். யாரென்று தெரிந்தால்தானே? அடையாளம் தெரியாத ஆள் விட்ட ராக்கெட் என்று எழுதிக் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டேன். அது சுலபமாக முடிந்தது.

பெரிய தப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அமாவாசை, கேதார கௌரி நோன்பு. நம் பக்கத்தில் தீபாவளியை விட நோன்புதான் பெரிசு என்பதைச் சொல்லவே வேண்டாம். "அதிரசம் வச்சுப் படைக்கிற வீட்டுல கரியும் சாம்பலுமாவா இருக்கும்?" என்று அம்மா விடியற்காலையிலேயே ஆள் வைத்து மாடியைக் கூட்டிக் கழுவிவிட்டார். கருகிய கதவு யாருடைய வீட்டுக்கோ விறகாகப் போய்விட்டது. உருகிப்போன தொட்டி மட்டும் குப்பை வண்டியில் ஏறாமல் தப்பியது.

அந்த வெள்ளிக்கும் அரசு விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. இன்சூரன்ஸ் கம்பெனியின் இலவச எண்ணில் கூப்பிட்டுத் தகவல் சொல்லி, கிளெய்ம் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். சுத்தமாகக் கழுவிவிட்ட மாடியைப் பார்த்துவிட்டு, "கதவு எங்கே சார்?" என்றார். அம்மா உள்ளே போய்விட்டார்.

பாலிசி வீட்டுக் கடனோடு வங்கி போட்டுக் கொடுத்தது. அசல் தாள் என் கையில் இல்லை. அதை வாங்க வங்கிக்கு மூன்று நடை. வந்த பிறகு பார்த்தால், பாலிசி கேட்டுக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தில் "கூரை: கான்கிரீட்" என்று இருக்கிறது, மாடியில் கீற்றுக் கொட்டகை இருப்பதாக ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து என்னுடையதுதான். கடன் கிடைக்கிற சந்தோஷத்தில் எதைப் படித்தோம்?

தீயணைப்பு அறிக்கையும் ஒரு நாளைத் தின்றது. அன்று இருந்த பதற்றத்தில் நான் பழைய கதவு எண்ணைச் சொல்லியிருக்கிறேன், பாலிசியில் இருப்பது புது எண். "ரெண்டும் ஒரே வீடுன்னு எப்படி நம்புறது?" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு எண்ணும் சேர்ந்து இருந்த சொத்து வரி ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. கேட்டது 1,14,000 ரூபாய். தருவதாகச் சொன்னது 52,000. கொட்டகைக்குப் போட்ட 30,000 படிவத்தில் காட்டாததால் கிடையாது. கதவுக்குப் போட்ட 8,000 கிடையாது, ஆதாரம் இல்லை. வாஷிங் மெஷின் 24,000 கிடையாது, காரணம் "இது கட்டடத்துக்கு மட்டுமான பாலிசி".

கடைசிக் காரணம்தான் என்னைச் சுட்டது. எங்களுடையது பாரத் கிருஹ ரக்ஷா, எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் வந்த பாலிசி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, பட்டியல் எதுவும் கொடுக்காமலே வீட்டுப் பொருட்களுக்கு உண்டு என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் கட்டடத் தொகை 25 லட்சம். அப்படியென்றால் பொருட்களுக்கு 5 லட்சம் வரை. அந்த வரியில் பச்சை மையால் கோடு போட்டு கம்பெனி கவுண்டரில் வைத்தேன். அங்கே இருந்தவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுதிக் குடுங்க, மேலே அனுப்புறேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது என்பதையும் கடிதத்தின் கடைசியில் பணிவாகச் சேர்த்திருந்தேன்.

மெஷினுக்கு பில் இல்லை. வாங்கிய கடையில் என் போன் நம்பரைச் சொன்னதும் கணினியில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கதவுக்கு ஆதாரம் கொடுத்தது பக்கத்து வீட்டு அண்ணனின் பையன். அன்று ராத்திரி நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அன்று அவனைத் திட்டினேன். கதவு எரிவது அதில் பளிச்சென்று தெரிந்தது.

கதவுக்கு 8,000 முழுசாக வந்தது. மெஷினுக்குப் பழைய இரும்பு விலை 1,500 கழித்துக்கொண்டு 22,500 சேர்த்தார்கள். அதற்கு மேல் வங்கியின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும் என்று இன்னும் இரண்டு நடை. கொட்டகைப் பணம் போனது போனதுதான், அதில் நான் சண்டை போட முடியாது.

இப்போது மாசி பிறந்ததுமே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கீற்றே வேண்டாம், தகரம் போடு என்கிறார் அம்மா. வேலூர் வெயிலில் தகரத்துக்குக் கீழே யார் உட்காருவது என்கிறேன் நான். கீற்று போட்டால் முதலில் பாலிசியில் எழுத வைக்க வேண்டும், ஐப்பசி பிறந்ததும் பிரித்து இறக்க வேண்டும். ஆள் கூலி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.