தண்ணீர்மலை டயாட்டமும் எட்டு மாதப் பிசிஆரும்

தைப்பூசத்துக்கு நாம் காவடியோடு ஏறும் பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்கா ஓடையில் இறங்கிக் கல்லைத் தடவிப் பாருங்கள். பழுப்பாக வழுக்கும். அந்த வழுக்கலில் டயாட்டம் நிறைய இருக்கும். ஒற்றைச் செல் பாசி. தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல். அது மழையில் கரையக் கரைய ஓடைத் தண்ணீரில் சிலிசிக் அமிலம் சேரும். அதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் புரதத்தின் மரபணுவைக் கண்டுபிடிப்பதுதான் என் முதுகலை ஆய்வு.

அனுமதி வாங்கி, பழைய பல் துலக்கியால் கல்லைத் தேய்த்து எடுத்துவந்தேன். நிட்ஷியா வகைச் செல் ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும். தீயில் காட்டி முடிபோல் இழுத்த கண்ணாடிக் குழாயால், மைக்ராஸ்கோப்பைப் பார்த்தபடியே உறிஞ்ச வேண்டும். இந்த வகை சும்மா இருக்காது, படகு மாதிரி முன்னும் பின்னும் நகரும். 24 குழித் தட்டில் மூன்று குழியில்தான் வளர்ந்தது. அந்தப் பழுப்புப் புள்ளியைப் பார்த்த காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் கஷ்டம். சிலிக்கான் கடத்தி எனப்படும் இந்தப் புரதங்களின் மரபணுக்களை முதலில் 1997இல் ஹில்டிபிராண்டும் சக ஆய்வாளர்களும் சிலிண்ட்ரோதீக்கா ஃபியூசிஃபார்மிஸ் என்ற கடல் டயாட்டத்தில் கண்டார்கள். 2004இல் முழு மரபணுத் தொகுதி வெளிவந்த தலாசியோசிரா சூடோனானாவும் கடல்வாசிதான். அந்த டிஎன்ஏ எழுத்து வரிசைகளை அப்படியே வைத்துப் பிரைமர் செய்தேன். பிசிஆரில் மரபணுவோடு ஒட்டி, அதைப் பல பிரதிகளாக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு அது. பிரதி கிடைத்தால் ஜெல்லில் கோடாகத் தெரியும்; மாதக்கணக்காக ஒன்றுமே தெரியவில்லை. டிஎன்ஏ கெட்டுவிட்டதோ என்று குளோரோபிளாஸ்ட்டின் ஆர்பிசிஎல் மரபணுவைச் சோதித்தால், அது பளிச்சென்று வந்தது.

லேப்பில் மூத்த அக்கா ஒருவர் என் வரிசைகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, புரதம் மாறலைன்னா டிஎன்ஏ எழுத்தும் மாறலைன்னு நினைச்சியா?" என்றார். எனக்கு அங்கேதான் விளங்கியது. இந்தக் கடத்தியில் புரதத்தை மாற்றும் பிறழ்வுகளை இயற்கைத் தேர்வு, கடலிலும் சரி நன்னீரிலும் சரி, கறாராகக் கழித்துவிடுகிறது. ஆனால் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் கிளைசினை நான்கு விதமாகவும் குளூட்டமினை இரண்டு விதமாகவும் டிஎன்ஏவில் எழுதலாம். புரதம் அப்படியே இருக்க, எழுத்துகள் மட்டும் காலப்போக்கில் விலகியிருக்கும். இந்தக் கடத்திகளில் கிளைசின், நடுவில் வேறொன்று, பிறகு குளூட்டமின் என்ற துண்டு திரும்பத் திரும்ப வரும்; சிலிசிக் அமிலம் ஒட்டும் இடம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தத் துண்டையும் அக்கம்பக்கத்தையும் பிடித்து, எல்லா எழுத்துச் சாத்தியங்களும் கலந்த பிரைமரை வரவழைத்தேன். எட்டாவது மாதம் ஜெல்லில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. வரிசை வந்த அன்று, அந்தத் துண்டைத் திரையில் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

அடுத்தது, சிலிக்கான் இல்லாமல் பட்டினி போட்டால் மரபணு கூடுதலாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. சிலிக்கானே சேர்க்காத வளர்ப்பு ஊடகத்திலும் செல்கள் பெருகிக்கொண்டே போயின. வெறும் ஊடகத்தை, சிலிக்கா இருந்தால் நீலம் காட்டும் மாலிப்டேட் சோதனையில் பார்த்தேன். நீலம்! எங்கிருந்து வந்தது? குடுவையே கண்ணாடி. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சூட்டில் அதிலிருந்து சிலிக்கா கரைந்து என் 'பட்டினி'க்குச் சோறு போட்டிருக்கிறது. இதைச் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுங்கள். ஊடகம் கலக்கும் பாட்டில், அளவுக்குழாய் உட்பட. ஒவ்வொரு தடவையும் செல் போடும் முன் வெறும் ஊடகத்தையும் மாலிப்டேட்டில் பாருங்கள்.

பாலிகார்பனேட் பாட்டிலில் மறுபடி தொடங்கினேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு எண்ணிக்கை ஏறவில்லை. ஓடு கட்டப் பொருள் இல்லாமல் செல்கள் பிரியாமல் நின்றுவிட்டன. மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவை நேற்று எடுத்து மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.