கண்ணில் கோளாறு இல்லை என்றார்கள்

அம்மாவிடம் முதலில் தவறியது கோலம்தான். அப்போது அவருக்கு வயது 58. பதினைந்து புள்ளி சிக்குக்கோலத்தைப் பேசிக்கொண்டே போடுகிறவர், அந்த மார்கழியில் ஏழு புள்ளியை வைத்துவிட்டு, கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "புள்ளி தெரியுதுடி, எதை எதோட சேர்க்கணும்னுதான் புரியல" என்றார்.

கண் கோளாறு என்றுதான் நினைத்தோம். மூன்று முறை கண்ணாடி மாற்றினோம். ஓர் ஆஸ்பத்திரியில் புரை என்று சொல்லி லென்ஸும் வைத்தார்கள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. டம்ளரை எடுக்க நீட்டிய கை பக்கத்தில் போய் விழும். பேப்பரில் ஒரு வரி படித்தால் அடுத்த வரி தொலைந்துவிடும். பொடி எழுத்தைப் படித்துவிடுவார், கொட்டை எழுத்துத் தலைப்புதான் பிடிபடாது. ஆனால் யார் வீட்டுக் கல்யாணம் எந்த வருடம், என்ன சமையல் என்பது வரை ஞாபகம் இருக்கும். அதனால் மூளையின் பக்கம் எங்கள் எண்ணமே போகவில்லை. கவனம் போதவில்லை என்று அப்பா கடிந்துகொண்டார். நானும்தான். அது இன்றும் வலிக்கிறது.

கடைசியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்தன. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பின்பகுதி சுருங்கியிருந்தது. 'போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரபி' என்றார். 1988இல் பென்சன் என்ற நரம்பியல் மருத்துவரும் சக மருத்துவர்களும் விவரித்த நோய். பெரும்பாலும் அடியில் இருப்பது அல்சைமர் என்ற மறதி நோய்தான். ஆனால் நினைவை அப்போதைக்கு விட்டுவிட்டு, கண் பார்த்ததைப் புரிந்துகொள்ளும் பகுதியில் முதலில் கைவைக்கிறது. குணப்படுத்தும் மருந்து இல்லை. அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கலாம் என்று டோனெபெசில் என்ற அல்சைமர் மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் வீட்டைத்தான் மாற்றினோம். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளை இட்லி அம்மாவுக்குத் தெரியவே இல்லை, கருநீலத் தட்டில் வைத்ததும் தானே எடுத்துச் சாப்பிட்டார். வாசலில் கிடந்த கறுப்பு மிதியடி அவருக்குக் குழி. அதைத் தாண்டப் பயந்து எத்தனை நாள் உள்ளேயே நின்றிருக்கிறார்! எடுத்துவிட்டோம். படி விளிம்புகளில் மஞ்சள் டேப் ஒட்டினோம். பூப்போட்ட மேசை விரிப்பு போயிற்று. ஜாக்கெட்டில் கை நுழைப்பது இன்னும் கஷ்டம்தான், நான் பிடித்துக்கொள்கிறேன்.

"அதோ இருக்கு பாருங்க" என்று சொல்வதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டோம். காப்பி கொடுக்கும்போது டம்ளரை மேசையில் ஒரு தட்டு தட்டி வைக்கிறோம். சத்தம் வந்த பக்கம் அம்மாவின் கை பெரும்பாலும் சரியாகப் போய்விடுகிறது.