பயந்தது நாக்கப் பார்த்து, பிரச்சனை இருந்தது கன்னத்துல

ஒரு நாள் ராத்திரி பல்லு விளக்கிட்டு சும்மா இருக்காம செல்போன் டார்ச்ச அடிச்சு கண்ணாடியில நாக்க நீட்டிப் பார்த்தேன், உள்ள தொண்டைக்கிட்ட, அடி நாக்குல வரிசையா முண்டு முண்டா ஏழெட்டு கட்டி. அவ்ளோதான், கை காலெல்லாம் ஓடல. தூங்கவே இல்ல. வீட்டுலயும் சொல்லல, மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நேரா பல் டாக்டர்கிட்ட போனேன். நல்லவேளை போனேன், ஆனா போன காரணம் முழுக்க தப்பு, அதத்தான் எழுதலாம்னு.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில பேட்லாக் மிஷின் தைக்கிற டெய்லர், வயசு 38. பீஸ் ரேட்டு வேலை, தினமும் ஒன்றரை ஷிப்ட், சீசன்ல நைட்டும் சேர்ந்துக்கும். தூக்கம் வராம இருக்க முன்னாடி குட்கா போட்டுட்டு இருந்தேன், 2013ல தமிழ்நாட்டுல அதத் தடை பண்ணினப்ப, சரி சனியன விட்டுடலாம்னு வெறும் பாக்கு பாக்கெட்டுக்கு மாறிட்டேன். புகையிலை இல்ல, இனிப்பா இருக்கு, கல்யாண வீட்டுல தாம்பூலத்துலயே வைக்கிறாங்க, இதுல என்ன வந்துடப் போகுதுன்னு நினைப்பு. நாளைக்கு எட்டு, பத்து பாக்கெட் ஆகும். எப்பவும் இடது கன்னத்துலதான் ஒதுக்கி வெச்சுக்குவேன்.

டாக்டரம்மா கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு சிரிச்சுட்டாங்க. "அண்ணா இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், எனக்கும் இருக்கு, ருசி மொட்டெல்லாம் இருக்கிற முண்டு"ன்னாங்க. அடி நாக்குல தலைகீழ் வி மாதிரி எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்குமாம், பொறந்ததுல இருந்தே இருக்குமாம், நாமதான் பார்த்திருக்க மாட்டோம். கன்னத்துக்குள்ள மஞ்சளா ரவை ரவையா இருந்தத காட்டினேன், அது எண்ணெய்ச் சுரப்பியாம், அதுவும் ஒண்ணுமில்ல. பல்லு கடிபடுற இடத்துல கன்னத்துல நீளமா ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் சாதாரணம். எனக்கு உயிர் வந்துச்சு, எந்திரிக்கப் போனேன்.

"இருங்க, வாய இன்னும் நல்லா தொறங்க"ன்னாங்க. தொறந்துதான் மேடம் இருக்கேன்னேன். அவங்க மூஞ்சி மாறிடுச்சு.

மூணு விரல நெட்டுக்குத்தா அடுக்கி வாய்க்குள்ள விடச் சொன்னாங்க, நம்ம விரல்தான், நம்ம வாய்தான், எல்லாருக்கும் மூணு போகணுமாம். எனக்கு ரெண்டே டைட்டு. ஸ்கேல் வெச்சு அளந்தா மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல 24 மில்லிமீட்டர், 35க்கு மேல இருக்கணும்னாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க ஒவ்வொண்ணா, காரம் எரியுதா, நாக்கு முன்ன மாதிரி நீட்ட முடியுதா, கன்னத்த உப்ப வைக்க முடியுதா, விசில் வருதான்னு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. மிஷின் சத்தத்துல கைமடி பையன, அதான் கூட நிக்கிற ஹெல்பர, விசில் அடிச்சுத்தான் கூப்பிடுவேன், அது ஒரு வருஷமா சரியா வர்றதில்ல, வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். ரசம் கூட எரியுதுன்னு வீட்டுல சண்டை போட்டு ரெண்டு வருஷமா மிளகாய் குறைச்சுத்தான் சமைக்கிறாங்க. மருந்துக்கடையில கேட்டா சூட்டுப்புண்ணுன்னு சொல்லி சத்து மாத்திரையும் தடவுற ஜெல்லும் குடுத்தாங்க, எத்தனை டியூப் காலி பண்ணேன்னு கணக்கே இல்ல. பானிபூரிய உடைச்சுத்தான் வாயில போடுவேன், அதையும் ஒரு பழக்கம்னே நினைச்சேன். எல்லாம் கண்ணு முன்னாடியேதான் இருந்துருக்கு!

என் விரலையே கன்னத்துக்குள்ள விட்டு தடவச் சொன்னாங்க. கயிறு கயிறா இருந்துச்சு. உள்சதை சிவப்பா இருக்க வேண்டியது பளிங்கு மாதிரி வெளுத்துக் கெடக்கு. பாக்குல இருக்கிற சத்து உள்ள இறங்கி சதை நாரு நாரா இறுகிப் போகுதாம், சீட்டுல ஓ.எஸ்.எம்.எஃப்னு எழுதினாங்க, ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோஸிஸ். புகையிலையே போடலையேன்னேன். இதுக்கு புகையிலை வேண்டியதில்ல, பாக்கு ஒண்ணே போதும்னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல போட்ட அறிக்கையிலயே, புகையிலை சேராத வெறும் பாக்கே மனுஷனுக்கு நிச்சயமா கேன்சர் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வெச்சிருக்காங்களாம். 2004ல! நான் பாக்குக்கு மாறினதே 2013ல.

அதோட முடியல. பாக்கு ஒதுக்குற இடத்துல, பின்னாடி கடவாப்பல்லுக்கிட்ட, நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம். பஞ்சுத்துணியால துடைச்சுப் பார்த்தாங்க, போகல. துடைச்சா வர்ற வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைக் காளான், மருந்துல சரியாயிடும், துடைச்சும் போகாததத்தான் சந்தேகப்படணும்னு சொல்லி, கோயமுத்தூர்ல ஒரு டென்டல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு பயாப்சிக்கு, அதான் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சுப் பார்க்குறதுக்கு, எழுதிக் குடுத்தாங்க.

அங்க காத்திருந்தப்ப பக்கத்துல ஒரு பாட்டி, நாக்கு ஓரத்துல ஒரு மாசமா ஆறாத புண்ணு. உடைஞ்ச பல்லு ஒண்ணு உரசிக்கிட்டே இருந்திருக்கு. பல்ல மட்டும் ராவி விட்டு ரெண்டு வாரத்துல வரச் சொன்னாங்க, ஆறிட்டா பல்லுதான் காரணம், ஆறலைன்னா சதை எடுத்துப் பார்க்கணும்னு. எந்தப் புண்ணா இருந்தாலும் ரெண்டு வாரம்தான் கெடுவாம், வலி இல்லைன்னா விட்டுடக் கூடாதாம். வலியே இல்லாம வர்றதுதான் ஏமாத்துமாம்.

பயாப்சி நினைச்ச அளவுக்கு ஒண்ணும் இல்ல. மரத்துப் போற ஊசி, அரிசிய விட கொஞ்சம் பெருசா ஒரு துண்டு, ரெண்டு தையல், ரெண்டு நாள் கஞ்சி. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் இருந்த எட்டு நாள்தான் நரகம். வீட்டுல எல்லாத்தையும் சொன்னது அப்பத்தான், திட்டுவாங்கன்னு நினைச்சேன், ஒண்ணும் பேசல, அது இன்னும் மோசமா இருந்துச்சு.

கேன்சர் இல்ல. ஆனா செல்லு லேசா மாற ஆரம்பிச்சிருக்கு, விட்டா அங்கதான் போகும்னாங்க.

அப்புறம் வாரம் ஒரு ஊசி, கன்னத்துக்குள்ளயே, இறுகின நாரை இளக்குறதுக்கு. எட்டு வாரம் போட்டாங்க. உண்மைய சொல்லணும்னா பயாப்சிய விட இதுதான் வலி, உயிர் போயிடும். தக்காளிச் சிவப்புல இருக்கிற சத்துன்னு ஒரு மாத்திரை. அப்புறம் ஐஸ் குச்சி. சிரிக்காதீங்க, குச்சிய அடுக்கி பல்லு நடுவுல சொருகி அஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கணும், நாளைக்கு நாலஞ்சு தடவை, பழகப் பழக ஒரு குச்சி கூட்டணும். நான் 12ல ஆரம்பிச்சேன். எச்சில் ஒழுக டிபன் டைம்ல மிஷின் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன், முதல்ல சிரிச்சவங்கள்ல ரெண்டு பேரு ஒரு வாரத்துல, மாஸ்டர் எனக்கு எத்தனை விரல் போகுது பாருங்கன்னு வாயத் தொறந்துட்டு வந்தாங்க. ஒருத்தருக்கு மூணு போகல, டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன்.

பாக்க விட்டது தனிக் கதை. முத வாரம் தலைவலி, எரிச்சல், மிஷின்லயே தூக்கம். ஏலக்காய், கிராம்பு, சோம்புன்னு பையில வெச்சுக்கிட்டேன். மூணாவது மாசம் ஒரு கல்யாணத்துல கை தானா தாம்பூலத் தட்டுக்குப் போயிடுச்சு, வாயில போட்டுட்டேன், எரிச்சலுல துப்பிட்டேன். அப்புறம் தொடல.

இப்ப 15 குச்சி, ஸ்கேல்ல 31 மில்லிமீட்டர். விட்டாலும் பழைய மாதிரி முழுசா திரும்பாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. வெள்ளைப் படலத்த மூணு மாசத்துக்கு ஒருக்கா பார்க்குறாங்க, அடுத்தது தை மாசம். விசில் இன்னும் வரல, வெறும் காத்துதான் வருது, கைமடி பையன் இப்ப அதுக்கே திரும்பிப் பார்க்கப் பழகிட்டான்.